அப்பா வீட்டு அடுப்பு

என் மனைவி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியேதான் சம்பாதிக்கிறாள். காலையில் தட்டை எடுத்த கையோடு அந்த இடத்தில் லேப்டாப் வந்துவிடும். காதில் ஹெட்போன் ஏறிவிடும். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்பு கண்டுபிடிப்பது அவளுடைய உத்தியோகம். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் அதையே செய்து பழகியவள் என்பதால் ஆபீசில் அவளுக்கு நல்ல பெயர். நான் டவுன் பஸ் டிரைவர். விடியும் முன்னே கிளம்பி, மதியத்துக்கு மேல் வீடு திரும்புவேன். அப்போது அவள் முகத்தைப் பார்த்தால், நான் ஓட்டிய டிரிப்பையெல்லாம் அவள்தான் ஓட்டினாள் என்று தோன்றும். அவளுக்கு அதற்குப் பிறகும் பாதி நாள் பாக்கி இருக்கும்.

இந்த லட்சணத்தில் தன் அப்பாவை, அதாவது என் மாமனாரையும், இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

மாமனார் வாலிபம் முழுக்க மருந்துக்கடைக் கவுண்டரில் நின்றவர். டாக்டர்களின் கோழிக்கிறுக்கலைக் கண்ணாடி போடாமல் படிப்பார். தெருவில் எதிரே வருகிறவரைப் பார்த்தால் பெயர் ஞாபகம் வராது, அவர் சாப்பிடுகிற மாத்திரை ஞாபகம் வரும். மாமியார் போன பிறகு, ஊரின் மறுகோடியில் ஒரு குடியிருப்பின் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். தானே சமைத்து, தானே துவைத்து, யாரையும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்காமல் இருந்தார். ஒருநாள் காய்கறி வாங்கப் போனவர் சாவியை எங்கேயோ விட்டுவிட்டார். எங்களுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறார். எதிர்வீட்டு அம்மா பார்த்துவிட்டு என் மச்சானுக்குப் போன் செய்துவிட்டார். வினை அங்கே ஆரம்பித்தது.

மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், வேறு ஊரில் கார் ஷோரூம் மேனேஜர். நல்ல மனுஷன்தான். ஆனால் எந்தப் பேச்சையும் அன்றைக்கே முடித்துக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும் அவருக்கு.

"இங்க பாரு பாப்பா, இன்னிக்கு சாவி. நாளைக்கு கேஸை மூட மறப்பாரு. அப்பா என்கூட வந்துடட்டும். ரூம் காலியாத்தான் இருக்கு."

நாற்பது தாண்டியும் என் மனைவி அவருக்குப் பாப்பாதான்.

"அந்த வீடுதாண்ணா அவருக்கு உசுரு. அங்கேருந்து கிளப்பினா ஒடைஞ்சு போயிடுவாரு" என்றாள் இவள்.

"சாவியைத் தொலைக்காதவங்க யாரு மச்சான், நான் பஸ் சாவியையே தொலைச்சிருக்கேன்" என்று நானும் ஸ்பீக்கரில் மூக்கை நுழைத்தேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

கடைசியில் இவள் ஒரு யோசனை சொன்னாள். அப்பா வீட்டில் ஆபத்தான சாமான் ஒவ்வொன்றிலும் சென்சார் ஒட்டிவிடுவது. அடுப்பு எரிந்தால், குழாய் ஓடினால், ஃப்ரிட்ஜ் கதவு திறந்தே கிடந்தால் இவளுடைய போனுக்குத் தகவல் வரும். அதற்கான புரோகிராமை இவளே எழுதிவிடுவாள். மூன்று மாதம் பார்ப்போம் என்றாள்.

"சரி. நாம ரெண்டு பேரும் எதுக்கு சண்டை போடணும்? உன் புரோகிராமே சொல்லட்டும்" என்றார் மச்சான். "மறக்கிறாருன்னு அது சொல்லிடுச்சுன்னா அப்புறம் நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது."

அவள் ஒப்புக்கொண்டாள். அப்பா அந்த வீட்டில் இருப்பாரா மாட்டாரா என்பது அன்றிலிருந்து அவள் எழுதப்போகிற நாலு பக்கத்தின் கையில் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எழுதினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி வேடிக்கை பார்த்தேன். பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் பாஷையில் எழுதுகிறாளாம். பாம்பு மாதிரி நீளமாக இருக்குமா என்று கேட்டதற்கு முறைத்தாள். பிறகு பாவம் பார்த்து விளக்கினாள்.

"அடுப்புன்னா என்ன, அது என்னென்ன செய்யும்னு முதல்ல ஒரே ஒரு தடவை எழுதிடணும். அதுக்குப் பேர் கிளாஸ். அதை வச்சு எத்தனை அடுப்பு வேணும்னாலும் உண்டாக்கிக்கலாம். உண்டாக்குற ஒவ்வொண்ணும் ஒரு ஆப்ஜெக்ட்."

"டிப்போவுல பஸ் மாதிரி. மாடல் ஒண்ணு, வண்டி நூறு."

"அதேதான். பரவாயில்லையே" என்றாள். வெகுநாளைக்கப்புறம் என்னை அவள் பாராட்டியது அன்றைக்குத்தான்.

அடுப்பு, குழாய், ஃப்ரிட்ஜ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளாஸ் எழுதினாள். பெயர்களைத் தமிழிலேயே வைத்தாள், அதுவும் அந்தத் திரையில் பார்க்க நன்றாக இருந்தது. அடுப்புக்கு எரியத் தெரியும், அணையத் தெரியும், எவ்வளவு நேரமாக எரிகிறோம் என்று சொல்லத் தெரியும். முதலில் சரிபார்க்க எங்கள் வீட்டு அடுப்பு, குழாய், ஃப்ரிட்ஜ் மூன்றிலும் ஒவ்வொரு சென்சாரை ஒட்டினாள். நான் அடுப்பைப் பற்ற வைத்தேன், திரையில் எரிகிறது என்று வந்தது. அணைத்தேன், அணைந்தது என்று வந்தது. இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி அதையே நாலைந்து தடவை செய்தோம். அடுத்த வாரம் மாமனார் வீட்டில் ஒட்டிவிட்டு வந்தோம். எங்கள் வீட்டில் ஒட்டியதைக் கழற்றவில்லை. புரோகிராமில் எதையாவது மாற்றினால் முதலில் இங்கே சோதித்துப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டாள். இங்கேதான் எப்போதும் ஆள் இருக்கிறதே என்று எங்கள் வீட்டுக்கான அறிவிப்புச் சத்தத்தை மட்டும் நிறுத்தி வைத்தாள்.

மாமனார் அடுப்புக்கு மேலே இருந்த அந்தச் சின்ன டப்பாவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இது என்னைப் பாக்குமா?"

"உங்களைப் பாக்காதுப்பா. அடுப்பை மட்டும்தான் பாக்கும்."

"சரி, பாக்கட்டும். நல்லா தொடைச்சு வைக்கிறேன்" என்றார்.

முதல் வாரத்திலேயே அறிவிப்பு வர ஆரம்பித்துவிட்டது. 'அப்பா வீடு: அடுப்பு நெடுநேரமாக எரிகிறது.' ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தவள் மைக்கை அணைத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் சமையலறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"அணைஞ்சுதாம்மா இருக்கு."

"இங்க எரியுதுன்னு காட்டுதுப்பா. இன்னொரு தடவை பாருங்க."

அவர் இன்னொரு தடவை போய்ப் பார்த்தார். அதற்குள் போனில் அணைந்தது என்று வந்துவிட்டது.

"பாத்தீங்களா, இப்பதான் அணைஞ்சிருக்கு. நீங்கதான் அணைச்சிருக்கீங்க" என்றாள்.

"இருக்கும்மா" என்றார்.

அதற்குப் பிறகு தினமும் இந்தக் கதைதான். ஒருநாள் அடுப்பு. ஒருநாள் ஃப்ரிட்ஜ் கதவு. ஒருநாள் குழாய். சில நாள் எல்லாமே. நான் வேலை முடிந்து வரும்போது அவள் ஒரு காதில் ஆபீஸையும் மறு காதில் அப்பாவையும் வைத்துக்கொண்டு நிற்பாள். மத்தியானச் சாப்பாடு தட்டில் காய்ந்துபோயிருக்கும். நெற்றியைப் பிடித்துக்கொண்டே பேசுவாள். முதலில் கெஞ்சலாக இருந்த குரல் போகப்போகக் கறாராகிவிட்டது. "அப்பா, அடுப்பு" என்று இரண்டே வார்த்தை. அவரும் "இல்லம்மா, அணைஞ்சிருக்கு" என்று சொல்வதை நிறுத்திவிட்டார். "அணைச்சிட்டேம்மா" என்று சொல்லப் பழகிக்கொண்டார். ஒரு தடவை நான் போனை வாங்கி, "என்ன மாமா, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டேன். "நீங்கதான் சொல்லணும் மாப்பிள்ளை" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்து நான் சிரித்துத் தொலைத்தேன்.

வாரா வாரம் புரோகிராம் தந்த கணக்கை அவள் ஒளிக்காமல் அண்ணனுக்கு அனுப்பினாள். அதில் அவள் நேர்மைக்காரி. இரண்டு மாதம் முடிவதற்குள் மச்சான் கூப்பிட்டார். குரலில் ஜெயித்த தொனி இல்லை, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"போதும் பாப்பா. நீயும் முடிஞ்சதைப் பண்ணிட்ட. அடுத்த ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துட்டு வர்றேன்."

இவள் எதுவும் பேசவில்லை. பேசக் கூடாது என்பதுதானே ஒப்பந்தம். அப்பாவிடம் சொல்லும் வேலையும் இவளுக்கே வந்தது. அவர் ஏன், எதற்கு என்று ஒன்றுமே கேட்கவில்லையாம். எந்தப் பெட்டியை எடுத்துக்கொள்ளட்டும் என்று மட்டும் கேட்டாராம். அதைச் சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அந்த வாரத்தில் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. கிளட்ச் மிதிக்க முடியாமல் லீவு போட்டுவிட்டு ஹாலில் படுத்திருந்தேன். வேலை நாளில் முன்பகலில் நான் வீட்டில் இருப்பது எப்போதோ ஒரு தடவை நடப்பது. அவள் மேசையில் ஹெட்போனோடு யாருக்கோ ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். போன் கிணுகிணுத்தது. மைக்கை அணைத்தாள், போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள்.

"அப்பா, அடுப்பு" என்றாள். கண் லேப்டாப்பை விட்டு அகலவில்லை.

எனக்குக் கருகல் வாடை அடித்தது.

முதலில் ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து சமையலறைக்குப் போனேன். காபிக்கு வைத்த தண்ணீர் முழுக்கச் சுண்டி, பாத்திரத்தின் அடி கறுத்துப்போய், அடுப்பு தன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைத்தேன். அணைத்த மறுகணம் ஹாலில் அவளுடைய போன் கிணுகிணுத்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு, "சரிப்பா, அணைஞ்சிடுச்சு. வச்சிடறேன்" என்றாள்.

நான் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி நின்றேன். இந்த மாதிரி அடிப்பிடித்த பாத்திரங்களை எத்தனை நாள் மத்தியானம் தொட்டியில் ஊறப் பார்த்திருக்கிறேன். தேய்த்தும் வைத்திருக்கிறேன். இவள் ஏன் இத்தனை பாத்திரத்தைக் கருக்குகிறாள் என்று ஒரு நாளாவது கேட்டிருப்பேனா என்றால், இல்லை.

மீண்டும் அடுப்பைப் பற்ற வைத்தேன். மெல்ல நடந்து போய் அவளுடைய போனை எடுத்துப் பார்த்தேன். 'அப்பா வீடு: அடுப்பு எரிகிறது' என்றிருந்தது. திரும்பப் போய் அணைத்துவிட்டு வந்து பார்த்தேன். 'அப்பா வீடு: அடுப்பு அணைந்தது.' ஹெட்போனை அவள் காதிலிருந்து கழற்றினேன்.

"மீட்டிங்ல இருக்கேன், என்ன வேணும் உங்களுக்கு?"

"எந்திரிச்சு வா. ஒண்ணு காட்டணும்."

காட்டினேன். இரண்டாவது தடவை காட்டுவதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. போய் லேப்டாப்பில் அந்த ஞாயிற்றுக்கிழமை எழுதியதைத் திறந்தாள். தேடவே இல்லை, நேராக அந்த வரிக்குப் போனாள். ஊரார் புரோகிராமில் தினமும் கண்டுபிடிக்கிற தப்புதானாம் அது.

"எரிய ஆரம்பிச்ச நேரத்தைக் குறிச்சு வைக்கிற இடம்" என்று விரலை வைத்துக் காட்டினாள். "ஒவ்வொரு அடுப்புக்கும் இது தனித்தனியா இருந்திருக்கணும். நான் கிளாஸுக்குப் பொதுவா ஒண்ணு வச்சிட்டேன். உங்க டிப்போவுல வண்டிக்கு வண்டி டிரிப் ஷீட் குடுக்காம, சுவத்துல ஒரே ஒரு ஷீட் மாட்டி வச்ச மாதிரி. யார் ஓட்டினாலும் அதுலதான் எழுதும். யார் வந்து பாத்தாலும் அதுதான் தெரியும். குழாயும் அப்படித்தான், ஃப்ரிட்ஜும் அப்படித்தான்."

"நாம சோதிச்சப்போ சரியா இருந்துச்சே?"

"அப்போ இருந்தது ஒரு அடுப்புதானே."

திருத்த வேண்டியது கிளாஸுக்கு ஒரே வரி. அதை உடனே திருத்தினாள், கை தானாகச் செய்துவிட்டது. பிறகு சென்சார்கள் அனுப்பிய தகவல்களைத் திறந்தாள். அவை நம்பரோடு தனித்தனியாகச் சேமிப்பில் இருந்தன. எது எந்த வீட்டுடையது என்று பிரித்தாள். எங்கள் வீட்டு நம்பர்தான் பக்கம் பக்கமாக ஓடியது. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள். ஃப்ரிட்ஜைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தோம் என்று நின்றிருக்கிறாள். குழாயைத் திறந்துவிட்டு மீட்டிங்குக்கு ஓடி வந்திருக்கிறாள். பிறகு எழுந்து போகும்போது, சில நேரம் அப்பாவோடு போனில் பேசிக்கொண்டேகூட, மூடியிருக்கிறாள், அதை மறதி என்று அவள் நினைத்ததே இல்லை. வேலை என்று நினைத்திருக்கிறாள். மாமனார் வீட்டு நம்பரில் நெடுநேரம் எரிந்ததாக ஒரே ஒரு தடவைதான் இருந்தது. அதுவும் ஏதோ வேக வைத்திருப்பார்.

அவள் பக்கத்தை இன்னும் கீழே தள்ளிக்கொண்டே போனாள். சட்டென்று நிறுத்தினாள்.

"என்னங்க, போன மாசத்துலேருந்து அப்பா வீட்டு அடுப்பு பத்தவே இல்லை. ஒரு தடவைகூட."

"அப்புறம் என்ன சாப்பிடுறாரு?" என்றேன்.

மீட்டிங்கில் யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவள் லேப்டாப்பை மூடிவிட்டுச் செருப்பைத் தேடினாள்.

இரண்டு பஸ் மாறிப் போனோம். மூன்று மாடி ஏறுவதற்குள் என் இடுப்பு கழன்று கையில் வந்துவிட்டது. மாமனார் கதவைத் திறந்து எங்களைப் பார்த்ததும் பயந்துவிட்டார். "இப்பகூட எரிஞ்சுதா?" என்றுதான் முதலில் கேட்டார்.

வீடு பளிச்சென்று இருந்தது. சுவரோரம் இரண்டு பெட்டிகள் தயாராக இருந்தன. சமையலறையில் எண்ணெய்ப் பிசுக்குகூட இல்லை. மேடையில் ரொட்டிப் பாக்கெட், பிஸ்கட், வாழைப்பழம். சிலிண்டரின் ரெகுலேட்டர் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தது.

"எப்போலேருந்துப்பா இது?" என்றாள்.

"போன மாசமே கழட்டிட்டேன். தினமும் உன்னைப் பதற வைக்கிறேனேன்னு."

"அதுக்கப்புறமும் நான் போன் பண்ணினேனே. அணைச்சிட்டேன் அணைச்சிட்டேன்னு சொன்னீங்களே."

அவர் வாழைப்பழச் சீப்பை நகர்த்தி நேராக வைத்தார்.

"சொன்னேன். நீ எரியுதுன்னு சொன்னே. போய்ப் பாத்தா ரெகுலேட்டர் ஆணியில தொங்குது. அப்போ நான்தானே அதை எடுத்து மாட்டி, பத்த வச்சு, அணைச்சு, திரும்பக் கழட்டி வச்சிருக்கணும்? அவ்வளவும் செஞ்சுட்டு ஒண்ணுகூட ஞாபகம் இல்லைன்னா நிலைமை ரொம்ப மோசம்னு தெரிஞ்சுபோச்சு. அதை உங்கிட்ட எப்படிம்மா சொல்றது?"

நீங்கதான் சொல்லணும் மாப்பிள்ளை என்று அவர் அன்றைக்குச் சொன்னது கிண்டல் இல்லை. மனுஷன் நிஜமாகவே கேட்டிருக்கிறார்.

அவள் அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க எதையும் மறக்கலப்பா. எரிஞ்சது எங்க வீட்டு அடுப்பு. மறந்தது நான். புரோகிராமைத் தப்பா எழுதிட்டேன், என்னுதெல்லாம் உங்க பேர்ல வந்துடுச்சு."

அவர் நிதானமாகக் கேட்டார். இரண்டு மூன்று கேள்வி கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டார். ஒரு நோயாளியின் சீட்டு இன்னொருவர் பையில் போய்விட்டது, அப்படித்தானே என்றார். ஆமாம் என்றாள். கோபித்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்த்தேன், கோபித்துக்கொண்டால் தேவலை என்றும் இருந்தது. அவர் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ தினமும் இத்தனை தடவை நீயா மறக்கிறே? நேரத்துக்குச் சாப்பிடுறியா? தூங்குறியா? உன்னை யாரும்மா பாத்துக்கிறாங்க?"

அவள் அழுதாள். அந்தக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான். அவர் என் பக்கம் திரும்பவில்லை, அது அவருடைய பெரிய மனசு. நான் ரெகுலேட்டரை எடுத்து மாட்டி, அலமாரியில் இருந்த அரிசியைக் கழுவி வைத்தேன். எனக்குச் சமைக்கத் தெரிந்தது சோறும் ரசமும்தான். சோறு வேகும்வரை அவர் சமையலறைப் பக்கம் வரவில்லை.

மச்சானுக்கு அங்கிருந்தே போன் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள், தன்மேல் இருந்த தப்பை ஒரு சொல் குறைக்காமல். அவர், "சரி பாப்பா, அழாதே. ஞாயித்துக்கிழமை வண்டி வராது. அப்பா அங்கேயே இருக்கட்டும். நான் இனிமே பேசல" என்றார். அவர் நல்ல மனுஷன் என்று முன்பே சொன்னேன். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று எனக்கு மூச்சு வந்தது.

மாமனார் கையை நீட்டி மகளிடமிருந்து போனை வாங்கினார்.

"வண்டி வரட்டும்பா" என்றார்.

"அப்பா, நான் சொன்னது புரியலையா? உங்களுக்கு ஒண்ணும் இல்லை" என்றாள் இவள்.

"புரிஞ்சுது. நல்லாவே புரிஞ்சுது." போனை மேசைமேல் வைத்தார். "நீ தப்பா எழுதிட்டே, சரி. இப்போ திருத்திட்டே, சரி. ஆனா நான் நம்பிட்டேனேம்மா. ரெண்டு மாசமா காலையில எழுந்ததும் நேத்து என்ன செஞ்சோம்னு உக்காந்து யோசிக்கிறேன். கதவைத் தொட்டா தொட்டோமான்னு இருக்கு. மாத்திரை போட்டா போட்டோமான்னு இருக்கு. ஆயிரம் பேருக்கு மாத்திரை குடுத்த கை இது. மறதி இல்லைன்னு நீ சொல்றே. நீ சொன்னா நம்புறேன். ஆனா தனியா இருக்கும்போது எனக்கு நானே சொல்லிக்கிட்டா நம்ப முடியல. கொஞ்ச நாள் யாராவது பக்கத்துல இருக்கட்டும்."

"அப்போ எங்க வீட்டுக்கு வாங்க" என்றாள்.

"உனக்கு இருக்கிறதே அதிகம்" என்றார். அதற்கு மேல் அவள் எவ்வளவு கெஞ்சியும் அதையேதான் திரும்பச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வண்டியோடு வந்தார். தங்கையை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை, தோளைத் தட்டிவிட்டுப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். என் மனைவி தலையணையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். கதவைப் பூட்ட மாமனாரும் நானும் மட்டும் மேலே நின்றோம்.

அவர் பூட்டினார். கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். படியில் பாதி இறங்கியவர் நின்றார், திரும்ப ஏறி வந்து இழுத்துப் பார்த்தார். மறுபடி இறங்கினார், மறுபடி ஏறினார். நான் அவசரப்படுத்தவில்லை. கீழே மச்சான் ஒரு தடவை ஹாரன் அடித்தார்.

"மாப்பிள்ளை, நீங்க ஒரு தடவை இழுத்துப் பாருங்க" என்றார்.

பலமாக இழுத்தேன். கதவு அசையவில்லை.

"பூட்டியிருக்கு மாமா."

"நான்தானே பூட்டினேன்?"

"நீங்கதான் மாமா. நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

அவர் தலையாட்டினார். சாவியை என் உள்ளங்கையில் வைத்து என் விரல்களை மூடிவிட்டு, சுவரைப் பிடித்தபடி கீழே இறங்கிப் போனார்.